கூகைக் கூட்டில் கண்டக்டர் கலியமூர்த்தி

கண்டக்டர் கலியமூர்த்தி தன் வீட்டுக் கட்டிலில் இல்லாமல் போய், ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்த கூகைக் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்ததை வடபாதிநல்லூர் கண்டது ஒரு புரட்டாசி மாதக் காலையில். நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்து, எலிகள் வரப்பெல்லாம் வளை தோண்டிக் குருத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கண்டவர்கள் யாரும் கூச்சலிடவில்லை. டீக்கடை மாசிலாமணி பாய்லரைத் திருகிவிட்டுப் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "நம்ம கலியமூர்த்தியண்ணன்தான். சட்டை போடாம உக்காந்துருக்காரு பாரு, அவருக்குப் பனி ஒத்துக்காதே" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார்.

அது கூடு என்று பெயரே தவிர, உண்மையில் ஒரு மரப்பெட்டி. எலி மருந்து வைத்து வைத்து நாயும் மயிலும் செத்ததுதான் மிச்சம் என்று ஊர் அலுத்துப்போன வருடத்தில், வேளாண் கல்லூரியிலிருந்து ஜெசிந்தா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் ஸ்கூட்டியில் வந்து, தண்ணீர் ஏறாமல் சும்மா நின்ற பழைய தொட்டியின் மேல்தட்டில் அதைப் பொருத்தி, ஒரு ஜோடி கூகை வந்து குடியிருந்தால் போதும், எலியை அது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கூகைகள் வந்தன. வந்து கத்தவும் செய்தன. கத்தினால் சாவு விழும், பெட்டியை இறக்கு என்று ஊர் திரண்டபோது, ஜெசிந்தா சண்டைக்கு நிற்காமல் பெட்டிக்குள் ஒரு கேமராவை வைத்து, அதில் தெரிவதும் கேட்பதும் எல்லோருடைய போனிலும் எந்நேரமும் ஓடும்படி செய்துவிட்டாள். "ஒரு தடவை மொகத்தப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றாள். பார்த்தார்கள். வெற்றிலையை நிமிர்த்தி வைத்தாற்போல வெள்ளை முகம், அதில் இரண்டு கறுப்புக் கண்கள், யாரிடமும் எந்தப் பகையும் இல்லாத கண்கள். அன்றிலிருந்து ரேஷன் கடை வரிசையிலும், பஸ்ஸிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், தலை வாரும்போதும், பல் துலக்கும்போதும் வடபாதிநல்லூர் கூகைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தவள் கலியமூர்த்தியின் மனைவி தையல்நாயகி. அவளுக்கு வெளியே போக வழியில்லை. மன்னார்குடித் தடத்தில் ஓடிய தனியார் பஸ்ஸில் கலியமூர்த்தி கண்டக்டராக இருந்தவர். படியில் ஒரு காலைத் தொங்கவிட்டு அவர் ஊர்ப்பெயர்களை வரிசையாகக் கூவினால் தூரத்து வயலில் குனிந்திருப்பவர்கள்கூட நிமிர்ந்து இடுப்பில் கை வைப்பார்கள். முதல் பஸ்ஸோடு போய்க் கடைசி பஸ்ஸோடு வருகிற அந்த மனிதரை ஒருநாள் படியிலேயே பக்கவாதம் அடித்தது. வலப்பக்கம் போயிற்று. ஊர்ப்பெயர்கள் எல்லாம் போயின. "ம்" என்ற ஒரே ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்கும் "ம்", கொசுவுக்கும் "ம்", நனைந்துபோன வேட்டிக்கும் "ம்". முதலில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் பிறகு வாசலில் நின்று விசாரித்தார்கள், பிறகு தெருவில் நடந்தபடியே விசாரித்தார்கள், பிறகு விசாரிக்கவில்லை. தையல்நாயகி அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள், துடைத்தாள், கஞ்சியைக் கரைத்து ஊட்டினாள், மறுபடி திருப்பினாள். கத்தாரில் வேலை பார்த்த மகன் இளவழகன் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, "அப்பாவ நல்லாப் பாத்துக்கம்மா" என்பான்.

அவன் அனுப்பிய போனில்தான் அவள் கூகைகளைப் பார்த்தாள். பெட்டை முட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆண் இருட்டியதும் பறந்துபோய் ஒரு எலியைக் கவ்வி வந்து அதன் காலடியில் வைத்துவிட்டு, சாப்பிடுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு, மறுபடி போகும். உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு வருகிற அந்தப் பெட்டையைத் தையல்நாயகி பொறாமையோடு பார்த்தாள். முதல் குஞ்சு பொரிந்தது, இரண்டு நாள் கழித்து அடுத்தது, பிறகு அடுத்தது. கடைசி முட்டையில் விரிசல் விழுந்த அன்று அந்தி சாய்ந்திருந்தது. பின்னறையிலிருந்து "ம்" என்று கேட்டது. அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருங்க, வர்றேன்" என்றாள்.

மறுபடி "ம்".

"இருங்கன்னு சொல்றேன்ல."

ஈரமான குஞ்சு ஓட்டிலிருந்து ஒரு காலை வெளியே போட்டது. தாய் குனிந்து அதைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. இவரையும் யாராவது இப்படி எடுத்துவைத்துக்கொள்ளக் கூடாதா என்று தையல்நாயகிக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை அவள் விரட்டவில்லை. சுவரில் சாய்ந்தபடியே, அந்த நினைப்போடேயே, கண்ணயர்ந்துவிட்டாள்.

விடிந்தபோது கட்டிலில் அவர் இல்லை. மெத்தையில் அவர் உடம்பின் பள்ளம் அப்படியே இருந்தது. கதவு உள்தாழ் போட்டபடி இருந்தது. எழுந்து நிற்க முடியாத மனிதரை அவள் கட்டிலுக்கடியில் தேடினாள், கிணற்றில் எட்டிப் பார்த்தாள், தெருவில் இறங்கித் தலைவிரிகோலமாக ஓடினாள். அடுத்த வீட்டு ரஹ்மத் பீவி, தையல் மிஷினில் பாதி தைத்த ரவிக்கையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"தையலக்கா, அழுவாதீங்க. அண்ணன் ஆந்தைக் கூட்டுல இருக்காரு. இப்பத்தான் போன்ல பாத்தேன்."

ஆறடி மனிதர் அந்தப் பெட்டிக்குள் எப்படி அடங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. அடங்கியிருந்தார். குஞ்சுகளுக்கு நடுவே இன்னொரு குஞ்சு உயரத்தில், அதே நரைத்த மீசையோடும் அதே கோணிய வாயோடும், மர ஓரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பெட்டைக் கூகை ஒரு எலியைக் கிழித்துச் சின்னத் துண்டாக எடுத்து அவர் வாயருகே நீட்டியது. அவர் வாங்கி மென்றார். ஒரு துளிகூடக் கடைவாயில் வழியவில்லை. தையல்நாயகி ஊட்டும்போதெல்லாம் பாதி வழிந்துவிடும்.

அவள் அழுதாள். பார்த்தவர்கள் கலங்கினார்கள். பிறகு அவள் வீட்டுக்குள் வந்து, வெகுகாலத்துக்குப் பிறகு சூடு ஆறாத சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டுத் தரையில் தலை சாய்த்தவள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் விழித்தாள். அவ்வளவு ஆழமாக அவள் தூங்கியது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. விழித்ததும் முதலில் தெரிந்தது உடம்பின் சுகம். அப்புறம்தான் கட்டில் காலி என்பது நினைவுக்கு வந்தது. சுகம் முதலில் வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஜெசிந்தா வந்தாள். தொட்டிக்கடியில் ஊரே கூடியிருந்தது. கூட்டுக்குள் ஆள் இருப்பது பற்றி அவளுடைய படிப்பில் எதுவும் இல்லை; இருந்தாலும் அவள் தடுமாறவில்லை, வாழ்க்கையில் முதலில் வருவது எது என்று தெரிந்தவளாய்ப் பேசினாள். "கண்ணு தெறக்காத குஞ்சு இருக்கு. இப்ப ஆள் ஏறினா தாய் கூட்ட விட்டுட்டுப் போயிரும், அத்தனையும் பட்டினி கெடந்து செத்துரும். எல்லாம் பறக்குற வரைக்கும் பொறுக்கணும். அவருக்கும் அங்க ஒண்ணும் கொறையில்லன்னுதான் தெரியுது." பிறகு தையல்நாயகி பக்கம் திரும்பி, "நீங்கதாம்மா சொல்லணும். ஒங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"சரிம்மா" என்றாள் தையல்நாயகி. கேள்வி முடிந்திருக்கவில்லை.

எவ்வளவு பெரிய மனசு என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அழுகிறாள் என்று வழிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கலியமூர்த்தி ஊருக்குச் சொந்தமானார். படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் இப்போது மணிக்கொருதரம் அவரைப் பார்த்தார்கள். அவர் இருமினால் மாசிலாமணியின் கடையில் டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. அவர் இடக்கையால் மூக்கைச் சொறிந்த அன்று அது தெரு தெருவாகப் பேசப்பட்டது. புரட்டாசி சனிக்கிழமை வந்தபோது பெரிய கவலை எழுந்தது. அவர் அந்தக் கிழமையில் கவுச்சி தொடாதவர், கூகையோ எலியைத் தவிர எதையும் அறியாதது. யார் சொல்லியும் அல்ல, ரஹ்மத் பீவி அன்று இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பூ தூவி, வாழை இலைத் துண்டில் பொதிந்து மொட்டை மாடிச் சுவரில் வைத்தாள். ஆண் கூகை வந்தது, தலையை ஒருமுறை பக்கவாட்டில் ஆட்டியது, பொதியைக் கவ்விக்கொண்டு போனது. போனில் அதைப் பார்த்த ஊர் பெருமூச்சு விட்டது. அடுத்த நாளிலிருந்து மாடி உள்ளவர்கள் மாடியிலும், ஓட்டு வீட்டுக்காரர்கள் கூரையிலும் அவருக்கென்று வைத்தார்கள். புட்டு, பணியாரம், தோல் உரித்த ஆரஞ்சுச் சுளை, கருவாட்டுக் குழம்பில் தோய்த்த தோசை. இன்று யார் வீட்டுச் சாப்பாடு கூட்டுக்குப் போனது என்பது ஒரு கௌரவமாயிற்று.

தையல்நாயகியும் வைத்தாள். ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து, அவருக்குப் பிடித்த கொத்தவரங்காய் வற்றலை நொறுக்கிப் போட்டு, கிண்ணத்தில் வைத்தாள். கூகை அவள் கூரைமேல் வந்து உட்கார்ந்தது, கிண்ணத்தைப் பார்த்தது, எடுக்காமல் பறந்தது. காலையில் கிண்ணத்தைச் சுற்றி எறும்பு மொய்த்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அவள் நிறுத்தவும் இல்லை, யாரிடமும் புலம்பவும் இல்லை. அந்தக் கிண்ணத்தை எறும்பு போகத் தட்டிக் கழுவி வைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தாமதிக்கும்.

அவளை யாரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. "ஒங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமாக்கா? ஆண்டவன் பாத்துக் குடுத்தது" என்று ரஹ்மத் பீவி அவள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். கத்தாரிலிருந்து இளவழகன் கூப்பிட்டான். "அம்மா, அப்பாவ இப்பல்லாம் தெனம் பாக்குறேம்மா, வேலை நேரத்துலகூட. ஒடம்பு தேறிட்டாரு. மனசு நிம்மதியா இருக்கும்மா." அவள் ஆமாம்பா, ஆமாம்பா என்றாள். 'அன்று அவர் கூப்பிட்டார், எனக்குக் காதில் கேட்டது, நான் எழுந்து போகவில்லை' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், பாவம் அம்மா, அசந்திருப்பாள் என்று அதற்கும் ஒரு ஆறுதல் சொல்லிவிடுவானே என்று சொல்லவில்லை. திட்டுகிற ஒரு ஆள் ஊரில் இருந்தால் அந்த ஆளின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று அவளுக்கு இருந்தது.

இதற்கிடையே கூட்டுக்குள் வேறொன்று நடந்தது. கடைசியாகப் பொரிந்த குஞ்சு வளரவில்லை. மூத்தவை முண்டியடித்து விழுங்கிவிடும். அது ஓரத்தில் கிடக்கும். கூகைக் குஞ்சுகளில் பசித்த மூத்தது சிலசமயம் இளையதையே தின்றுவிடும், யாரும் மனசை விட்டுவிடாதீர்கள் என்று ஜெசிந்தா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஒரு சாயங்காலம் மூத்த குஞ்சு அதன் கழுத்தைக் கவ்வியேவிட்டது. ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. அப்போது, பக்கவாதம் அடித்த நாளிலிருந்து அசையாத தன் வலக்கையைக் கலியமூர்த்தி மெதுவாகத் தூக்கினார். எடை மிகுந்த எதையோ தூக்குவதுபோலத் தூக்கி, சின்னதுக்கும் பெரியதுக்கும் நடுவில் வைத்தார். பெரியது கையைக் கொத்தியது. அவர் எடுக்கவில்லை. அன்றிலிருந்து தன் வாயில் வந்த துண்டில் பாதியை மென்று கூழாக்கி அந்தச் சின்னதுக்குக் கொடுத்தார்.

ஊர் விம்மியது. மகான் என்றார்கள். தையல்நாயகி வியந்து வியந்து பார்த்தாள். அவள் அறிந்த கலியமூர்த்தி, இளவழகன் பிறந்தபோது அவனைத் தொட்டிலில் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனவர். அவன் வளர்ந்ததெல்லாம் அவர் தூங்கும் நேரத்திலும் அவர் இல்லாத நேரத்திலும்தான். கட்டிலில் இருந்தால் இந்தக் கை அசைந்திருக்குமா? நான் அங்கே எதைக் கொடுக்காமல் விட்டேன் என்று அவள் யோசித்தாள்; யோசித்துக்கொண்டே, திருப்பிப் போட யாரும் இல்லாததால், நன்றாகத் தூங்கினாள்.

ஐப்பசி மழை வந்து போயிற்று. குஞ்சுகளின் பஞ்சு உதிர்ந்து வெள்ளை இறகு வந்தது. பெட்டி விளிம்பில் நின்று இறக்கை அடித்துப் பழகியவை ஒவ்வொன்றாகப் பறந்தன. ஒவ்வொன்று பறக்கும்போதும் மாசிலாமணி கடையில் சர்க்கரை இல்லாத டீக்குக்கூடச் சர்க்கரை போட்டார். கடைசியில் அந்தச் சின்னது மட்டும் நின்றது. கலியமூர்த்தி அதைத் தன் தொடையில் ஏற்றி, தோளில் ஏற்றி, தலையில் ஏற்றி விளிம்பில் விட்டார். அது திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

பிறகு பெட்டியில் அவர் மட்டும் இருந்தார்.

குஞ்சுகள் போனதும் தாயும் தகப்பனும் இரை கொண்டுவருவதை நிறுத்திவிட்டன. அது அவற்றின் வழக்கம், அதில் கொடுமை எதுவும் இல்லை. மாடிகளில் வைத்த புட்டும் பணியாரமும் அப்படியே கிடந்து காக்கைக்குப் போயின. போனில் கலியமூர்த்தி விளிம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்று மாலை அவர் வாயைத் திறந்தார். பழைய "ம்" அல்ல, கூகைக் குஞ்சு பசிக்குக் கத்துகிற சத்தம் வந்தது, சைக்கிள் டியூபிலிருந்து காற்றைப் பிதுக்குவதுபோல நீளமான, கரகரத்த, கேட்கச் சகிக்காத சீறல். எல்லோருடைய போனிலிருந்தும் ஒரே நேரத்தில் அது வந்தது. தெருவெல்லாம் சீறியது.

ஊர் பதறியது. பதறிப் போனில் எழுதியது. யாராவது போங்களேன் என்று பலர் எழுதினார்கள். ஐயோ பார்க்கவே முடியவில்லை என்று எழுதிவிட்டு மேலும் பார்த்தார்கள். ஏணி துருப்பிடித்திருக்குமே என்றார்கள், ஜெசிந்தா மேடத்தைக் கேட்க வேண்டாமா என்றார்கள், குடும்பத்து ஆள் இருக்கும்போது நாம் எப்படி என்றார்கள். தையல்நாயகி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குஞ்சுகள் எல்லாம் பறந்தாயிற்று, தடை எதுவும் இல்லை, போகலாம். அவள் எழுந்திருக்கவில்லை. வேறு யாராவது போய்விட மாட்டார்களா என்று அவளும் காத்திருந்தாள்.

அடுத்த நாள் காலை இளவழகன் கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது.

"அம்மா, அப்பா நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலம்மா. நீ பாத்துக்கிட்டுதானே இருக்க?"

"பாத்துக்கிட்டுதாம்ப்பா இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. பார்த்துக்கொள் என்றுதான் இத்தனை வருடமும் அவன் சொல்லியிருந்தான். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அடுப்பை மூட்டிச் சோறு வடித்து, ரசம் விட்டுக் குழையப் பிசைந்து தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டாள். உச்சிவெயில், தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தொட்டியின் இரும்பு ஏணி சுட்டது. புடவையைத் தூக்கிச் செருகி, வாளியின் காதைப் பல்லில் கடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் துருச் செதில் உதிர்ந்து அவள் கண்ணில் விழுந்தது.

பெட்டிக்குள் எலி எலும்பும் ரோமமும் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. நாற்றம் மூக்கைத் துளைத்தது. போனில் நாற்றம் தெரிந்ததில்லை. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் அடங்குகிற முகம். அவள் விரல் நுனியில் சோற்றை எடுத்து நீட்டினாள், வாயைத் திறந்தார். கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி ஊட்டினாள். கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு அவர்கள் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. அது எரிவது தெரிந்தேதான் அவள் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க கூப்புட்டீங்க. ரெண்டு தரம். எனக்குக் கேட்டுது. கேட்டுட்டுத்தான் வரல."

அவர் மென்றார்.

"நீங்க இங்க வந்தப்புறம் நான் நல்லாத் தூங்குனேன். நல்லாச் சாப்புட்டேன். ஏறி வந்து ஒங்களக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணுனாப்புல அழுதேன், அவ்வளவுதான்."

"தெரியும்" என்றார் கலியமூர்த்தி.

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது. குரல் சின்னதாக, மரத்தைச் சுரண்டுவதுபோல இருந்தது. இன்னொரு வாய் வாங்கிக்கொண்டார். விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நானுந்தான் நல்லாத் தூங்குனேன் தையலு."

அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள்.

"வீட்டுல எனக்கு ஏது தூக்கம்? நீ வந்து பொரட்டிப் போடறப்பல்லாம் கண்ண மூடிக்குவேன். தூங்குறேன்னு நெனச்சிருப்ப. ஒம் மொகத்தப் பாக்க முடியாமத்தான் மூடிக்குவேன்." மூச்சு வாங்கினார். "ஆந்தைக்கு என் மேல கோவமும் இல்ல, என்னால இடுப்பு வலியும் இல்ல. இங்க ஒரு மனுசனா உக்காந்துருந்தேன்."

வெயிலில் தொட்டி முறுக்கிக்கொண்டு எங்கோ டணார் என்றது. வயலின் பச்சை அடிவானம் வரை கிடந்தது. அவள் வாளியை மூடினாள்.

"வீட்டுக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் மாட்டேன் என்றால் நன்றாயிருக்கும் என்று உள்ளே ஒரு மூலை அப்போதும் சொன்னது.

"கீழ எறங்குனா கனத்துருவேன்."

"தெரியும்."

அவரை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். முதல் படியில் அவர் ஒரு கூகைக் குஞ்சின் எடை இருந்தார். அடுத்ததில் ஒரு பூனையின் எடை. பிறகு பால்குடம், பிறகு நெல் மூட்டை. புடவை முடிச்சு இடுப்பை அறுத்தது, இடுப்பு நடுங்கியது, பாதி ஏணியில் அவர் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. இரும்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. விட்டுவிடு என்று அவர் அவள் காதருகே சொன்னார். வாயை மூடுங்க என்றாள். இனி ஒரு படியும் முடியாது என்று அவள் கண்ணை மூடியபோது, கீழேயிருந்து "விடுங்கக்கா, நாங்க இருக்கோம்" என்று ரஹ்மத் பீவியின் குரல் கேட்டது.

குனிந்து பார்த்தாள். உச்சிவெயிலில் ஊர் நின்றது. சோற்றுக் கையோடு வந்தவர்கள், ஈரத் தலையோடு வந்தவர்கள், கல்லாவைப் பூட்டாமல் வந்த மாசிலாமணி, எல்லோரும் போன்களைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, தலைக்கு மேலே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் சொன்னது அத்தனையும் அவர்கள் கேட்டிருந்தார்கள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, யாரும் மற்றவர் கண்ணையும் பார்க்கவில்லை. முழு ஆறடிக் கலியமூர்த்தியை அந்தக் கைகள் வாங்கிக்கொண்டன. அவரைத் தொட்ட பலருக்கு அவர் உடம்பு இவ்வளவு சூடாக இருக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை.

ஜெசிந்தா கேமராவைக் கழற்ற வந்தபோது, இன்னும் சிலர் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அதை ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

கலியமூர்த்தி பழையபடி கட்டிலில் கிடந்தார். வலக்கை கொஞ்சம் அசைந்தது. பேச்சு மறுபடி வரவில்லை, ஆனால் "ம்" என்பதும் போய்விட்டது. பசித்தாலும் நனைந்தாலும் தனிமையாய் இருந்தாலும் கூகைக் குஞ்சுபோலச் சீறினார். நாலு தெருவுக்குக் கேட்கும் சீறல். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வடபாதிநல்லூரில் யாராலும் முடியவில்லை. யார் கிட்டே இருக்கிறார்களோ அவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். சிலர் ஊட்டினார்கள், சிலர் திருப்பிப் போட்டார்கள், ஒன்றும் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்கள். தையல்நாயகி வெளியே போய்வர ஆரம்பித்தாள்.

கார்த்திகை பிறந்த ஒரு வியாழக்கிழமை அவள் சந்தையில் நின்றாள். வெண்டைக்காய் இளசாக வந்திருந்தது. ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது, கூரைகளைத் தாண்டி அந்தச் சீறல் வந்தது. கடைக்காரி தராசைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். தெருவில் ரஹ்மத் பீவி இருப்பாள், மாசிலாமணி இருப்பார், யாராவது போவார்கள். தையல்நாயகிக்கு அது தெரியும். அவள் குனிந்து இன்னொரு காயை எடுத்தாள், நிதானமாக நுனியை ஒடித்தாள், கூடையில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். மறுபடி சீறியது. ஒடிக்காத காயைத் திரும்பக் குவியலில் வைத்துவிட்டு, கூடையை அங்கேயே விட்டுவிட்டு, அவள் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.